சோறு போட்ட கை

கடல் தாண்டிப் போயாவது பொருள் தேடும்படி நம் பெரியவர்கள் உபதேசம் செய்தார்கள். போன இடத்தில் ஆபத்து வந்தால் யாரைத் தேடுவது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது 1942-ஆம் வருஷம்.

பர்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன். 1931 ஜனக் கணக்கின்படி அந்த நாட்டில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிப் பேர் நம்மவர்களே. செட்டியார்களின் வட்டிக் கடைகள் ஒரு பக்கம்; தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போய் ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்த ஏழைகள் ஒரு பக்கம். 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நேற்று வரை ஒரே ராஜ்யம். விடிந்ததும் அந்நிய தேசம்!

1941 டிசம்பர் 23-ல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. மறு மார்ச்சில் நகரம் விழுந்தது. காசுள்ளவர்களில் பலர் கப்பலேறினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கு ஒரு பாதை; தாமு, இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயிலடிக்கு ஒரு பாதை; வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக, எமனுக்கு மட்டுமே பழக்கமான ஒரு பாதை. கடலிலும் காட்டிலுமாகத் தப்பி வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். காலராவுக்கும் மலைக் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானவர்களைச் சரியாக எண்ணியவர் யாருமில்லை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, கறுப்பர்களுக்கு வேறு வழி என்று பாரபட்சம் காட்டியதாக அன்றே பெரும் கூக்குரல் எழுந்தது.

சர்க்கார் தடுமாறிய இடத்தில் முன்பின் அறியாதவர்கள் கைகொடுத்தார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் வழிநெடுக முகாம்கள் அமைத்தது. கைல்ஸ் மக்ரெல் என்ற வெள்ளைக்காரர் 1942 ஜூனில், மழை வெள்ளம் புரண்ட தபா ஆற்றங்கரைக்கு யானைகளுடன் போய், அங்கே சிக்கித் தவித்தவர்களைக் கரையேற்றினார். அவரால் பிழைத்தவர்கள் சுமார் 200 பேர். அவர் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. நியாயந்தான். ஆனால் அந்த வெள்ளத்தில் யானையை இறக்கிய பாகர்களின் பெயரைக் கேட்டால் நாம் விழிக்கிறோம்.

கதை எழுதுகிறவனுக்கு இம்மாதிரிப் பெயரில்லாதவர்கள் மேல்தான் கண் போகும். முகாம்களுக்காகவும் மலைப் பாதைக்காகவும் மண் வெட்டியவர்கள், அரிசி மூட்டை சுமந்தவர்கள் தோட்டக் கூலிகள். அவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஆள் பிடிக்கும் தரகர்கள் அழைத்துப் போன ஏழைகளின் சந்ததி. பிழைக்கப் போன குடும்பத்துக்காரன், பிழைப்பை இழந்து வந்த இன்னொருவனுக்குத் தோள் கொடுத்தான். பாஷை தெரியாது, ஜாதி தெரியாது, பசி மட்டும் தெரியும்.

இந்தப் பழங்கதையைத் திருப்பூரில் நினைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கல்கத்தாவைப் பார்த்து 1920-களில் இங்கே தொடங்கிய பனியன் தொழில், 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளைப் பனியன் தேடி வந்த பிறகு கடல் கடந்து வளர்ந்தது. இன்று பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்திருப்பவர்களில் பலர் பீகார், ஒடிஸா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். ஜார்க்கண்ட் எது? பழைய சோட்டா நாகபுரிதான்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மெஷின்கள் நின்றபோது, லைன் வீடுகளில் அவர்கள் முடங்கிக் கிடந்தார்கள். வாடகை கேட்டுக் கதவைத் தட்டிய கையும் உண்டு. அரிசி கொண்டுவந்து தட்டிய கையும் உண்டு. 2023 மார்ச்சில், வடக்கத்தியாரை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பீகார் அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தார்கள். வதந்தி பொய் என்று தெளிவாயிற்று. அதற்குள் பயந்து ரயிலேறியவர்கள் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்நிய ஊரில் வதந்தியை நம்புவதா, பக்கத்து வீட்டை நம்புவதா என்பதை அந்தப் பக்கத்து வீடுதான் தீர்மானிக்கிறது.

மணிப்பூர்ப் பாதையில் நம்மவர்களுக்காக மூட்டை சுமந்தவனின் உறவுக்காரன் எவன் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கடன் கொடுத்தவன் பெயர் தெரியாதபோது, எதிரே நிற்கிறவனிடம் தீர்ப்பதுதான் முறை. அதற்குப் பெரிய தர்மம் எதுவும் வேண்டாம். ஷிப்ட் முடிந்து வரும் பையனைத் திண்ணையிலிருந்து ஒரு கிழவி, "சாப்பிட்டியா, கண்ணு?" என்று கேட்டால் போதும். அவனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி புரியும்.