ஆறு கிளாஸும் ஒரு கட்டுக்கதையும்

போன மாசம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வேற கம்பெனிக்குப் போறார்னு வழியனுப்பு விழா. இடம், இங்கே கலிஃபோர்னியாவில் எங்க வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன பீர் ஆலை. பேர் வேண்டாம், மார்க் போடப் போறேன் இல்லையா? தங்கமணியும் கூட வந்தாங்க. பாசம் பாதி, வண்டி ஓட்ட ஆள் வேணும்ங்கறது மீதி.

குடிக்கிற ஹால்லயே ஒரு பக்கம் கண்ணாடிக்குப் பின்னாடி எவர்சில்வர் தொட்டிகள். கல்யாண வீட்டு சாம்பார் அண்டாவை நிமிர்த்தி வச்சு ரெண்டு மாடி உசரத்துக்கு இழுத்த மாதிரி. என்ன குடிக்கறதுன்னு தெரியாதவங்களுக்கு 'ஃப்ளைட்'னு ஒண்ணு தர்றாங்க. ஒரு மரப்பலகை, அதுல ஆறு குழி, குழிக்கு ஒரு குட்டி கிளாஸ். ஒவ்வொண்ணும் 4 அவுன்ஸ், நம்ம கணக்குல 120 மில்லி. கூடவே ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும். குடிச்சுட்டு 10க்கு மார்க் போடணுமாம். எங்கப்பா வாத்தியார். அரைப்பரீட்சை பேப்பர் திருத்தும்போது பக்கத்துல உக்காந்து கூட்டல் சரிபார்த்த கை இது, சும்மா விடுமா?

முதல் கிளாஸ் பேல் ஏல். வெளிர் தங்க நிறம், மூக்குகிட்ட கொண்டு போனா கிச்சிலித் தோலைக் கிள்ளின வாசனை. அது காஸ்கேட்ங்கற ஹாப்ஸ் பூவோட வேலை. 1972ல அமெரிக்க விவசாயத்துறை வெளியிட்ட ரகம். சிக்கோ நகரத்து சியரா நெவாடா ஆலை, பழைய பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கி ஒட்டுப்போட்டு 1980ல ஆரம்பிச்சப்போ, இந்த வாசனையை வச்சுத்தான் ஊரைப் பிடிச்சாங்க. 7 மார்க்.

ரெண்டாவது கலிஃபோர்னியா காமன். ஐஸ் கிடைக்காத காலத்துல, குளிர்ல வேலை செய்யற லாகர் ஈஸ்ட்டை வெதுவெதுப்புலயே புளிக்க வச்ச பீர். ஸ்டீம் பீர்னுதான் அந்தக்காலப் பேர். சான் பிரான்சிஸ்கோ ஆங்கர் ஆலை அந்தப் பேரைப் பதிவு பண்ணி வச்சுகிட்டதால மத்தவங்க 'காமன்' போட்டுக்கறாங்க. பேருக்கேத்த மாதிரி இருந்தது. 5.

மூணாவதுதான் வில்லங்கம். ஐ.பி.ஏ. அதாவது இந்தியா பேல் ஏல். நண்பர் கிளாஸைத் தூக்கி, "இது உங்க ஊர் சரக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பின பீரெல்லாம் வழியிலேயே கெட்டுப்போச்சாம். வெள்ளைக்கார சிப்பாய்ங்க தாகத்துல தவிச்சாங்களாம். உடனே ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் ஹாப்ஸையும் போதையையும் ஏத்தி, கெடாத பீர் ஒண்ணைக் கண்டுபிடிச்சாராம். சுத்தி இருந்தவங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நானும் ஆமாம்னு தலையாட்டினேன். ஆட்டாம என்ன பண்றது? நாலு வருஷம் முன்னாடி அவருக்கு அந்தக் கதையைச் சொன்னதே நான்தான். இந்தியாக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவரும் இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கார்.

சங்கடம் என்னன்னா, நடுவுல நான் கொஞ்சம் படிச்சுட்டேன். மார்ட்டின் கார்னெல்னு ஒரு பீர் வரலாற்று ஆசிரியர், நம்மள மாதிரி வலைப்பதிவரும்கூட. பழைய பத்திரிகை விளம்பரங்களை எல்லாம் தோண்டித் தோண்டி இந்தக் கதையை ஓட்டை ஓட்டையா ஆக்கிட்டார்.

ஹாட்ஜ்சன் நிஜமான ஆள்தான். கிழக்கு லண்டன்ல போ என்ற இடத்துல 1752ல ஆலை வச்சவர். அவரோட அதிர்ஷ்டம் ஆலை இருந்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள் நிக்கிற பிளாக்வால் பக்கத்துலயே இருந்தது. கப்பல் கேப்டன்களுக்கு சொந்தக் கணக்குல சரக்கு ஏத்தி விக்க அனுமதி உண்டு. ஹாம், சீஸ், தொப்பி, கண்ணாடிச் சாமான்னு இந்தியாவுல இருக்கற வெள்ளைக்காரங்களுக்கு எது விலை போகுமோ அதெல்லாம் ஏத்துவாங்க. அதுல பீரும் ஒண்ணு. ஹாட்ஜ்சன் அவங்களுக்கு 18 மாசம் வரைக்கும் கடன் கொடுத்தார். போய் வித்துட்டு, திரும்பி வந்து பணம் கட்டினா போதும். நம்ம தெரு முக்கு அண்ணாச்சி கடை நோட்டு மாதிரிதான், நோட்டு மட்டும் கொஞ்சம் பெருசு.

இன்னொண்ணு. இந்தியாவிலிருந்து திரும்பற கப்பல்ல துணி, பட்டு, மிளகுன்னு நிரம்பி வழியும். போற கப்பல்ல? இந்தியா வாங்கற மாதிரி இங்கிலாந்துகிட்ட சரக்கே பெருசா கிடையாது. இடம் காலி, வாடகை மலிவு. எடையில பெரும்பகுதி தண்ணியாவே இருக்கற பீப்பாயை அத்தனை தூரம் அனுப்பக் கட்டுபடியானது அதனாலதான்.

கண்டுபிடிப்பு? அதுவும் இல்லை. வெயில் நாட்டுக்கு அனுப்பற பீர்ல ஹாப்ஸ் கூட்டிப் போடணும்ங்கறது 1760கள்லயே தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். போதையும் அதிகமில்லை. ஆறு, ஆறரை சதவீதம், அந்தக் காலத்துக்கு சாதாரணம். நிலவறையில ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கிடந்து பக்குவமாகற பீர், நன்னம்பிக்கை முனையைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தரம் தாண்டி, நாலு முதல் ஆறு மாசத்துல உருண்டு புரண்டே பக்குவமாயிடுச்சு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை.

அப்புறம் அந்த தாகத்துல தவிச்ச சிப்பாய். அவன் குடிச்சது பேல் ஏலே இல்லை, போர்ட்டர்ங்க! என் பலகையில நாலாவது கிளாஸ். கருப்பு, காப்பி டிகாக்‌ஷன் வாசனை, மால்ட்டோட லேசான கருகல். போர்ட்டர் லட்சணமா இந்தியா வந்து சேர்ந்துகிட்டுத்தான் இருந்தது. பேல் ஏல் அதிகாரிங்களுக்கும் பணக்கார வியாபாரிங்களுக்கும். மதராஸ் வந்த பீப்பாய்களைப் பத்தி யோசிச்சுப் பாருங்க. அப்போ அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிக்கும். கயித்தால தைச்ச மசூலா படகுல, அலைக்கு நடுவுல, எல்லாச் சரக்கையும் கரை சேர்த்தது நம்மாளுங்கதான். லண்டன்ல கேப்டனுக்கு 18 மாசக் கடன் கிடைச்ச கதை எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, படகுக்காரர் கதையைத் தேடினாத்தான் கிடைக்கும். போர்ட்டருக்கு 8.

அஞ்சாவது இம்பீரியல் ஸ்டவுட். இது ரஷ்யா கதை. லண்டன் ஆலைகள்லேருந்து ரஷ்ய அரசவைக்குப் போன பீர். தங்கமணி ஒரு வாய் குடிச்சுட்டு, "கருப்பட்டிப் பாகு தீஞ்சா இப்படித்தான் இருக்கும்"னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. எனக்குப் பிடிச்சது, 8½. ரஷ்யாவும் இந்தியாவும் ஒரே பலகையில உக்காந்திருந்தது தற்செயல்தான், ஆனா ரெண்டுக்கும் உறவு உண்டு. பர்ட்டன் ஊர் ஆலைக்காரங்களுக்கு ரஷ்யாதான் பெரிய சந்தை. 1822ல ரஷ்யா வரியைத் தீட்டி கதவைச் சாத்திடுச்சு. அதே சமயத்துல ஹாட்ஜ்சன் குடும்பத்து அடுத்த தலைமுறை, கேப்டன்களுக்குக் கடனை நிறுத்தி, தானே இந்தியாவுல விக்கறேன்னு பேராசைப்பட்டது. கடுப்பான கம்பெனி இயக்குனர் ஒருத்தர், பர்ட்டன் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இதே மாதிரி காய்ச்சுன்னு சொல்ல, முதல் முயற்சி ஒரு டீ கெட்டில்ல நடந்ததா ஒரு செவிவழிக் கதை. பர்ட்டன் தண்ணியில ஜிப்சம் அதிகம், கசப்பு கத்தி மாதிரி சுத்தமா வரும். ஆல்சாப்பும் பாஸும் சந்தையை அள்ளிட்டாங்க.

அந்தப் பேர்கூட அப்புறம்தான். 1829ல 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்'னு விளம்பரம் வருது, எங்கே? சிட்னியில! அதாவது 'இந்தியா'ங்கறது செய்முறையும் இல்லை, ஊரும் இல்லை. மூட்டை மேல எழுதற விலாசம்.

கொசுறு: 1850கள்ல எட்வர்ட் டயர்னு ஒருத்தர் கசௌலியில பீர் காய்ச்ச ஆரம்பிச்சார். அந்த ஆலையோட வாரிசுதான் இன்னிக்கு நம்ம ஓல்டு மாங்க் தயாரிக்கற மோகன் மீகின். அந்த டயரோட பையன்? 1919ல ஜாலியன்வாலா பாக்ல சுடச் சொன்ன ஜெனரல் டயர்.

ஆறாவது கலங்கலா மாம்பழ ஜூஸ் மாதிரி ஒரு 'ஹேஸி' ஐ.பி.ஏ. 4. ஜூஸ் வேணும்னா ஜூஸ் கடைக்குப் போயிருப்பேன்.

மூணாவது கிளாஸுக்கு மார்க் போடாமயே வச்சிருந்தேன். கிளம்பறப்போ நண்பரைத் தனியா கூப்பிட்டு, நான் சொன்ன கதை தப்புன்னு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "உன் பழைய கதைதான்பா நல்லாயிருக்கு"ன்னார். புது ஆபீஸ்லயும் அதைத்தான் சொல்லப் போறாராம். வேப்பம்பூ ரசம் மாதிரி நல்ல கசப்பு. 9 போட்டு சீட்டைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

டிஸ்கி: ஆறு கிளாஸும் சேர்த்து 720 மில்லி. வண்டி ஓட்டினது தங்கமணி. :-)