உடைத்துப் பார்க்கும் உரிமை: கணினிப் பாதுகாப்பு ஆய்வும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

2008 ஜூலை 18 அன்று நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நீதிமன்றம் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தடை விதிக்க மறுத்தது. தடை கேட்டு வந்தது என்எக்ஸ்பி என்னும் சில்லு உற்பத்தி நிறுவனம். கட்டுரையை எழுதியவர்கள் நெய்மேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்புக் குழுவினர். வழக்குக்குக் காரணமான சில்லின் பெயர் மைஃபேர் கிளாசிக். 1990களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்து, அதற்குள் நூறு கோடிக்கு மேல் விற்பனையாகியிருந்த சில்லு அது. லண்டன் மக்கள் சுரங்க ரயிலில் பயன்படுத்திய ஆய்ஸ்டர் அட்டையிலும், டச்சுப் போக்குவரத்து முழுவதற்கும் வரவிருந்த ஓவி-சிப்கார்ட் அட்டையிலும், எண்ணற்ற அலுவலகங்களின் நுழைவு அட்டைகளிலும் அதுவே இருந்தது.

கணினிப் பாதுகாப்பில் விற்பவர் செய்ய விரும்பாத, வாங்குபவர் செய்ய இயலாத ஒரு பணி உண்டு. பொதுமக்கள் நம்பியிருக்கும் பொருளைத் திறந்து பார்த்து, குறை இருந்தால் அதை ஊரறியச் சொல்வதே அப்பணி. அதைச் செய்யத் தகுந்த இடம் பல்கலைக்கழகம். ஆனால் ஆய்வாளரின் திறமை மட்டும் அதற்குப் போதாது. வழக்கு வரும் நாளில் பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாக அவருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்குச் சட்டமும் இடங்கொடுக்க வேண்டும். இந்தியாவில் இவ்விரண்டும் இன்னும் அமையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெய்மேகன் குழு கண்டுபிடித்தது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வழக்கின் நியாயம் புரியாது.

மைஃபேர் கிளாசிக்கின் பாதுகாப்பு, கிரிப்டோ-1 என்ற குறியாக்க முறையை நம்பியிருந்தது. அதன் சாவி 48 பிட் நீளம். அது இயங்கும் விதத்தை நிறுவனம் எங்கும் வெளியிடவில்லை. குறியாக்க முறை எதிரியின் கைக்குப் போனாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்ற அளவுக்கு அது வலுவாக இருக்க வேண்டும் என்று 1883லேயே ஔகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார்; அவரும் நெதர்லாந்தில் பிறந்தவர்தான். நூறாண்டுக்கு மேல் பழமையான அந்த அறிவுரையைக் கைவிட்டு, முறையையே மறைத்து வைப்பதைப் பாதுகாப்பாக எண்ணியது இந்தச் சில்லு. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் அந்த மறைப்பு விலகியது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் கார்ஸ்டன் நோலும் அவருடைய கூட்டாளிகளும் சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் நுண்ணோக்கியில் படமெடுத்து, உள்ளேயிருந்த மின்சுற்றைப் படித்துவிட்டிருந்தார்கள்.

நெய்மேகன் குழு வேறு வழியில் அதே இடத்தை அடைந்தது. அட்டைக்கும் அதைப் படிக்கும் கருவிக்கும் இடையே நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்டு, அதிலிருந்தே கிரிப்டோ-1ஐ மீட்டெடுத்தது. அப்போது தெரியவந்த குறைகளில் இரண்டைச் சொல்லலாம். ஒவ்வொரு முறை அட்டை தன்னை அடையாளப்படுத்தும்போதும் 32 பிட் நீளமுள்ள ஒரு சீரற்ற எண்ணை அனுப்ப வேண்டும். அந்த எண்ணை உண்டாக்கும் சுற்றோ 16 பிட் மட்டுமே கொண்டது. ஆகவே அது தரக்கூடிய எண்கள் மொத்தமே 65,535, ஏறத்தாழ 0.6 நொடியில் வரிசை முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதைவிட மோசம், அட்டைக்கு மின்சாரம் கிடைத்த கணத்திலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்பதை மட்டுமே வைத்து எண் முடிவாகியது. அட்டைக்குச் சொந்த மின்கலம் கிடையாது. கருவியின் அலையிலிருந்தே அதற்கு மின்சாரம் வருகிறது. கருவி தாக்குபவரின் கையில் இருந்தால் நேரமும் அவர் கையில்தான். சீரற்றது என்று சொல்லப்பட்ட எண்ணை அவர் விரும்பியபடி வரவழைக்கலாம்.

இரண்டாவது குறை குறியாக்கத்தின் அடிப்படையிலேயே இருந்தது. 48 பிட் கொண்ட உள்நிலையிலிருந்து வெளியீட்டைக் கணிக்க 20 பிட்டுகள் மட்டுமே எடுக்கப்பட்டன. அந்த இருபதும் ஒற்றைப்படை இடங்களில் அமைந்தவை. இந்தச் சீரான அமைப்பினால் உள்நிலையை இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே தேட முடிந்தது. 48 பிட்டுக்கு ஏறத்தாழ 281 லட்சம் கோடி சாத்தியங்கள் உண்டு. 24 பிட்டுக்கு 1.68 கோடிதான். விளைவு: கருவியோடு ஓரிரு முறை அரைகுறையாக உரையாடினாலே, சாதாரணக் கணினியைக் கொண்டு ஒரு நொடிக்குள் சாவியை மீட்கலாம். சாவி இன்னும் நீளமாக இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லிச் சமாளிக்க முடியாத குறை இது. வெளியார் நான்கு பேர் வடிவமைப்பைப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே சுட்டிக்காட்டியிருப்பார்கள் என்பதே என் கருத்து.

குழு நடந்துகொண்ட முறையும் ஆய்வின் ஒரு பகுதி. 2008 மார்ச்சில் டச்சு அரசுக்கும் நிறுவனத்துக்கும் முதலில் தகவல் போனது. சில்லில் கடும் குறை இருக்கிறது என்பது மட்டும் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. விவரங்கள் அக்டோபரில் ஸ்பெயினின் மலாகா நகரில் நடந்த ஈசோரிக்ஸ் மாநாட்டுக்கென்று ஒத்திவைக்கப்பட்டன. இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி அறிஞர்கள், டச்சு அட்டையைப் பற்றி டிஎன்ஓ என்ற ஆய்வு அமைப்பு அளித்திருந்த அறிக்கையை மறுபரிசீலனை செய்து, புதிய சில்லுக்கு மாற ஆயத்தமாக வேண்டும் என்று கூறினார்கள். நிறுவனமோ கட்டுரையைத் தடுக்க நீதிமன்றம் போனது.

நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தை அடிப்படையாக வைத்து வழக்கை அணுகியது. பல்கலைக்கழகம் உரிய கவனத்தோடு நடந்திருக்கிறது, குறைகளைச் சமூகம் அறிவதில் பெரும் பயன் உண்டு என்று கண்டது. நிறுவனத்துக்கு நட்டம் வருமானால், அதற்கு மூலகாரணம் கட்டுரையை வெளியிட்டது அல்ல, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதுதான் என்பதே தீர்ப்பின் சாரம். பழி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைச் சரியான இடத்தில் வைத்த தீர்ப்பு இது.

பின்பு வந்த மைஃபேர் பிளஸ் சில்லில் ஏஇஎஸ் குறியாக்கம் இடம்பெற்றது. லூவன் பல்கலைக்கழகத்தில் பயின்ற யோன் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்த முறை அது. 1997இல் அமெரிக்கத் தர நிறுவனம் அறிவித்த வெளிப்படையான போட்டியில், ஏற்கப்பட்ட 15 முறைகளையும் உலகெங்கிலுமுள்ள ஆய்வாளர்கள் உடைக்க முயன்றார்கள். அந்தச் சோதனையில் தேறி 2001இல் அது தரமாக அறிவிக்கப்பட்டது. கிரிப்டோ-1 உலகத்தின் கண்ணுக்கு மறைவாக வளர்ந்தது. ஏஇஎஸ் அதே கண்ணெதிரே வளர்ந்தது. எது நிலைத்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எல்லா நீதிமன்றங்களும் ஆர்ன்ஹெம் போல் முடிவெடுப்பதில்லை. கார்களின் திருட்டுத் தடுப்புச் சாதனத்தில் இருந்த மெகமோஸ் கிரிப்டோ என்ற முறையின் குறைகளை ராட்பவுட், பர்மிங்காம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சில்லு உற்பத்தியாளருக்குப் பல மாதங்கள் முன்பே தெரிவித்தும், 2013 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் ஃபோக்ஸ்வேகன் கேட்டபடி இடைக்காலத் தடை விதித்தது. ஆய்வாளர்கள் முறையை அறியப் பயன்படுத்திய மென்பொருளின் பூர்விகம் ஐயத்துக்குரியது என்று நீதிபதி கருதியது ஒரு காரணம். அந்த ஆகஸ்டில் வாஷிங்டனில் படிக்கப்பட வேண்டிய கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நீக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் அந்தக் கார்கள் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை ஓட்டியவர்களுக்கு மட்டும் குறை தெரியாது. தடை காத்தது யாரை என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒன்று: அவ்வழக்கில் இரு பல்கலைக்கழகங்களும் தங்கள் ஆய்வாளர்களோடு பிரதிவாதிகளாக நின்றன. கட்டுரை ஒருநாள் வெளிவந்ததற்கு அதுவும் காரணம்.

இந்தியாவுக்கு வருவோம். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தமிழ் வாசகர்கள் சுஜாதா என்ற பெயரில் அறிந்த ரங்கராஜன், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளராக அதன் உருவாக்கத்தில் பங்காற்றினார். 2010இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன் குழுவினர், ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் சேர்ந்து அந்த எந்திரம் ஒன்றை ஆராய்ந்தார்கள். எந்திரத்தைக் கையில் பெறக்கூடிய ஒருவர் காட்சிப் பலகையை மாற்றி வைக்கலாம் என்றும், வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களில் நினைவகச் சில்லோடு சிறு கருவியை இணைத்து எண்களை மாற்றலாம் என்றும் காட்டினார்கள். முத்திரை, காவல், சோதனை ஆகிய ஏற்பாடுகள் இருக்கும்போது நடைமுறையில் இவை இயலாது என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. ஆணையத்தின் மறுப்பில் பொருள் உண்டு. எந்திரம் மட்டும் தனியாகத் தேர்தலை நடத்துவதில்லை. தேர்தல் எதுவும் இப்படித் திருத்தப்பட்டது என்று ஆய்வாளர்களும் நிறுவவில்லை.

ஆனால் அந்த விவாதம் அறிவுத்தளத்தில் தொடரவில்லை. 2010 ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டு மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். எந்திரம் திருடப்பட்டது, அதைக் கொடுத்தவர் பெயரைச் சொல் என்பதே விசாரணை. அரசின் பொருள் காணாமற்போனால் காவல்துறை விசாரிப்பது இயல்புதான். ஆயினும் சுயேச்சையான ஆய்வாளர்கள் ஆய்வுக்கென்று முறையாக ஓர் எந்திரத்தைக் கேட்டுப் பெற ஒரு வழி இருந்திருந்தால், பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து வாங்கும் தேவையே எழுந்திருக்காது. மிச்சிகனில் இருந்தவர்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஹைதராபாத்தில் இருந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வாக்காளர் சரிபார்க்கும் தாள் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவர ஆணையிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் அது எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் வந்தது. எந்திரத்தைக் கேள்வி கேட்டதால் தேர்தல் பலவீனப்படவில்லை, சரிபார்க்க ஒரு தாள் கூடுதலாகக் கிடைத்தது.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு தடை உண்டு. ஆய்வு என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? 2021இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவரின் செயல் வெளிச்சத்துக்கு வந்தது. திருத்தம்போல் தோன்றி உண்மையில் பிழையைப் புகுத்தும் மென்பொருள் ஒட்டுகளை, லினக்ஸ் கருநிரலைப் பராமரிப்பவர்களுக்குச் சொல்லாமலே அனுப்பி, அவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்திருந்தார்கள். அந்த ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளையே லினக்ஸ் பராமரிப்பாளர்கள் தடை செய்தார்கள். ஏற்கப்பட்டிருந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மனிதர்கள் மீதான ஆய்வு அல்ல என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அதற்கு விலக்கு அளித்திருந்தது என்பது வருத்தத்துக்குரியது. ஒட்டுகளைப் படித்து நேரத்தைச் செலவிட்டவர்கள் மனிதர்கள்தானே. நெய்மேகன் குழு விற்பனைக்கு வந்த பொருளைத் தன் மேசைமீது வைத்து ஆராய்ந்தது, உரியவருக்கு முதலில் சொன்னது. மின்னசோட்டாக் குழு, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொதுப்பணியில் ஈடுபட்டவர்களையே சோதனைப் பொருளாக்கியது. வேறுபாடு இங்கேதான். இதைப் பிரித்தறியும் நெறிக்குழு இல்லாத பல்கலைக்கழகம் தன் ஆய்வாளரை நீதிமன்றத்தில் காக்கவும் முடியாது.

நம் நாட்டில் கட்டும் ஆய்வுக்கு ஆதரவு வளர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடி-யின் சக்தி செயலி, உள்ளமைப்பு யாவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்ட ஒன்று; அதன் ஒரு வடிவம் 2018இல் சண்டிகருக்கு அருகிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் சில்லாக வந்தது. பெருமைப்பட வேண்டிய பணி. உடைத்துப் பார்க்கும் ஆய்வுக்கோ சட்டத்தின் நிழல்கூட இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. 66ஆம் பிரிவு நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் வேண்டும் என்று சொல்வது சற்று ஆறுதல். ஆனால் பாதுகாக்கப்பட்ட அமைப்புகளைப் பற்றிய 70ஆம் பிரிவில் அந்த ஆறுதலும் இல்லை. தண்டனை பத்தாண்டு வரை போகலாம். நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு வெளிப்படையான விலக்கு சட்டத்தில் எங்கும் கிடையாது. அமெரிக்காவில் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் நல்லெண்ண ஆய்வாளர்கள்மீது குற்றம் சாட்டுவதில்லை என்று அரசின் நீதித்துறை 2022 மே மாதம் கொள்கை வகுத்தது. நெதர்லாந்து அரசோ 2013லேயே குறைகளைப் பொறுப்போடு தெரிவிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டுவிட்டது.

ஆகவே நம் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்கென்று, துறை அறிந்தவர்களும் வழக்கறிஞரும் சேர்ந்த நெறிக்குழுவை ஆய்வு தொடங்கும் முன்பே அமையுங்கள். குறை கண்டால் அதைத் தெரிவிக்கும் கடிதம் மாணவர் பெயரில் போக வேண்டாம். பதிவாளர் கையொப்பத்தோடு, வெளியிடும் தேதியையும் குறிப்பிட்டுப் போகட்டும். வழக்கு வந்தால் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கட்டும். நாடாளுமன்றம் 43, 70ஆம் பிரிவுகளில் நல்லெண்ண ஆய்வுக்கு விலக்கைச் சேர்க்க வேண்டும். வாக்குப்பதிவு எந்திரம் போன்ற பொதுக்கருவிகளை ஆய்வகங்கள் முறைப்படி கேட்டுப் பெற ஒரு விதி செய்ய வேண்டும். சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை ஆட்சிக்குழுக்களுக்கு இல்லை. முதல் மூன்றையும் அவை தம் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றலாம்.