குறிப்பேடு யார் கையில் இருந்தது?

ஆய்வு என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. சேரிக்கு வருவார்கள், கேள்வி கேட்பார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆய்வுகளைப் படிக்காமல் ஒதுக்கினால் இழப்பும் நமக்குத்தான்.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இந்தியப் பொருளாதாரத்தைக் கிராமத்தில்தான் கற்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு வினாப்பட்டியல் தயாரித்து, மாணவர்களைச் சொந்த ஊர்களையே ஆய்வு செய்ய அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதிவந்தார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் அறிக்கைகள் 1918இல் நூலாயின.

அந்த மாணவர்கள் யார்? அன்று கல்லூரி வாசலை மிதிக்க முடிந்தவர்கள்; பெரும்பாலும் நிலமுள்ள சாதிகளின் பிள்ளைகள். அப்படியிருந்தும் இருவேல்பட்டு அறிக்கையில் படியாட்கள் இருக்கிறார்கள். வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரர் பண்ணையில் கட்டுண்டு கிடந்த நம் மக்கள் அவர்கள். எழுதியவரின் நோக்கம் நம் விடுதலை அல்ல. ஆனால் "எங்கள் ஊரில் கொத்தடிமையே இருந்ததில்லை" என்று இன்று ஒருவர் சொன்னால், எடுத்துக் காட்ட அந்தப் பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன.

இங்கே இந்தக் கணக்கெடுப்பு நடந்த அதே 1916இல், மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இன்னொரு மாணவர் சாதி பற்றித் தன் கட்டுரையை வாசித்தார். அண்ணல் அம்பேத்கருக்கு அப்போது 25 வயது. சாதியைத் தாங்கி நிற்பது அகமணம் என்றார். சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகியவை அந்த அகமணத்தைக் காக்க வந்த வழிகள் என்று விளக்கினார்.

வேறுபாட்டைக் கவனியுங்கள். படியாளின் கடன் எவ்வளவு என்று வினாப்பட்டியல் கேட்டது. அந்தக் கடனில் எப்போதும் ஒரே சாதியாரே ஏன் பிறக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. சாதியின் வேரைத் தேடும் கேள்வி, சாதிக்கொடுமையை அனுபவித்த மாணவரிடமிருந்து வந்தது. நமக்கு இரண்டும் வேண்டும்: கணக்கும், கேள்வியும்.

ஸ்லேட்டர் கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றார்கள். 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுஆய்வு நடத்தினார்கள். இருவேல்பட்டு 2008 வரை ஆராயப்பட்டது. படியாள் முறை ஒழிந்தது, பண்ணையாரின் பிடி தளர்ந்தது, ஆனால் நிலத்தில் நம் மக்களுக்கு உரிய பங்கு வரவில்லை. இதை ஆதாரத்தோடு சொல்ல முடிவது, 1916இல் ஒருவர் எழுதி வைத்ததால்தான்.

இன்று குறிப்பேடு உங்கள் கையில் இருக்கிறது, தோழர்களே. முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ ஊர் தேடுகிறீர்களா? உங்கள் சேரியிலிருந்தே தொடங்குங்கள். மனைப்பட்டா யார் பெயரில்? பஞ்சமி நிலம் யார் அனுபவத்தில்? சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? தேதியோடும் சர்வே எண்ணோடும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன் சேரியில் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் நம் பெரியவர்கள் திருத்துவார்கள்.