செல்வச் சீமானின் காதலும் அச்சுப் பிழையும்

கோடீசுவரனைக் கதாநாயகனாகக் கொண்ட காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் இன்று மாதந்தோறும் வந்து குவிகின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்கி ஏமாந்த வாசகர்களின் முறையீடுகளைக் கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். முப்பது வயதுக்குள் பல கம்பெனிகளுக்கு அதிபதியாகி, சொந்த விமானத்தில் பறந்து, குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு சாமானியப் பெண்ணைக் கண்ட மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுக்கும் ஆடவன் உலகில் எங்கே இருக்கிறான் என்று அவர்களில் எவரும் கேட்பதில்லை. அந்த அசம்பாவிதத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்ட அதே வாசகி, முதல் அத்தியாயத்தில் நீலமாயிருந்த அவன் விழிகள் ஆறாம் அத்தியாயத்தில் பழுப்பாகிவிட்டதையும், நாயகியின் தங்கைக்கு நடுவழியில் வேறு பெயர் வந்துவிட்டதையும், பக்கத்துக்குப் பக்கம் சொற்கள் உதிர்ந்து கிடப்பதையும் கண்டவுடன், வாயில் கல் அகப்பட்டவள் இலையை விட்டு எழுவதுபோல் புத்தகத்தை மூடிவிடுகிறாள். இதை அற்பக் கோபமென்று தள்ளுவது நியாயமன்று. பெரியதொரு பொய்யை நம்பவைக்க விரும்புகிறவன் சிறிய விவரங்களிலெல்லாம் மெய்யனாக இருந்தே தீர வேண்டும். அந்தச் சிறிய விவரங்களைக் காவல் காப்பதற்கென்றே அச்சுக்கூடங்களில் ஒருவன் பல நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருந்தான். பிழை திருத்துவோன் என்னும் அந்த மனிதனுடைய சரித்திரமும், செல்வச் சீமான் ஏழைப் பெண்ணை மணக்கும் கதையின் சரித்திரமும் ஒரே மனையில் சந்தித்தவை என்பதைப் பலரும் அறியார்.

ஐரோப்பாவில் அச்சுத் தொழில் வேரூன்றிய காலத்தில் பிழை திருத்தும் உத்தியோகம் பண்டிதர்களுக்கு உரியதாயிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் பெரிய அச்சுக்கூடம் நடத்திய கிறிஸ்டோபர் பிளாண்டின், லத்தீனும் கிரேக்கமும் கற்ற வித்வான்களை இவ்வேலைக்கு அமர்த்தியிருந்தார். அவர்களுள் கார்னேலிஸ் கிலியான் என்பவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டே, டச்சு மொழிக்கு ஓர் அரிய அகராதியையும் தொகுத்து முடித்தார். அந்த அச்சுக்கூடம் இன்று காட்சிசாலையாக இருக்கிறது. பிழை திருத்துவோர் அமர்ந்து வேலை செய்த அறையையும் மேஜையையும் அங்கே இப்போதும் காணலாம். 1608-இல் லைப்சிக் நகரில் ஹீரோனிமஸ் ஹார்ன்ஷூ என்னும் வைத்திய மாணாக்கர், படிப்புக்கிடையே அச்சுக்கூடத்தில் புரூப் திருத்திய அனுபவத்தைக் கொண்டு, இத்தொழிலுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். அச்சுப்பிழைக்கு அச்சுக்கூடத்தாரை மட்டும் ஏசுவது தகாது, தெளிவில்லாத கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து தள்ளும் ஆசிரியர்களும் குற்றவாளிகளே என்பது அவர் கட்சி. இக்கட்சி இன்றளவும் தோற்கவில்லை. கவனக் குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1631-இல் லண்டனில் அச்சான பைபிளே சாட்சி. பத்துக் கட்டளைகளில் பிறன்மனை நயத்தலை விலக்கும் கட்டளையில் ‘கூடாது’ எனப் பொருள்படும் ஒரு சிறு சொல் விடுபட்டுப் போகவே, பாவம் விதியாகிவிட்டது. அரசரின் சினத்துக்கு ஆளான அச்சுக்காரர்கள் 300 பவுன் அபராதத்துக்கு உள்ளானார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். 1689-இல் டெர்பிஷயர் சீமையில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சாமுவேல் ரிச்சர்ட்சன், பதினேழாம் வயதில் லண்டன் அச்சுக்காரர் ஒருவரிடம் ஏழாண்டு தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தார். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் எழுத்துக் கோப்பவராகவும் பிழை திருத்துபவராகவும் கூலிக்கு உழைத்தார். பின்பு சொந்த அச்சுக்கூடம் வைத்து, பார்லிமெண்டு நடவடிக்கைகளை அச்சிடும் அளவுக்கு உயர்ந்தார். பதின்மூன்று வயதிலேயே, கிராமத்து இளம்பெண்கள் தங்கள் காதலர்க்கு விடுக்க வேண்டிய கடிதங்களை, ஒருத்தியின் இரகசியம் மற்றொருத்திக்குத் தெரியாதவாறு எழுதிக் கொடுத்தவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஐம்பது வயதை எட்டிய வேளையில், எளியோர் பார்த்து எழுதத்தக்க மாதிரிக் கடிதங்களின் தொகுதி ஒன்றைச் செய்து தருமாறு புத்தக வியாபாரிகள் இருவர் அவரைக் கேட்டுக்கொண்டனர். எஜமானனின் துர்நடத்தைக்கு ஆளான வேலைக்காரப் பெண்ணுக்குப் பெற்றோர் புத்தி சொல்லும் கடிதங்களை எழுதுங்கால் அவர் கற்பனை கட்டவிழ்ந்தது. அவ்வாறு பிறந்ததே 1740-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘பமீலா’.

பெருஞ்செல்வனான எஜமானன் ஏழைப் பணிப்பெண்ணைக் கெடுக்க முயன்று, பலிக்காமல், அவளது குணத்துக்குத் தோற்று, முடிவில் அவளையே முறைப்படி விவாகம் செய்துகொள்ளுகிறான். இன்று கோடீசுவர நாவலில் காணும் அகந்தை, மிரட்டல், சிறைவைத்தல், மனமாற்றம், மாலை மாற்றல் அத்தனையும் அங்கேயே இருக்கின்றன. அந்த எஜமானனின் நடத்தை நமக்கு இன்று அருவருப்பூட்டுவது வேறு விஷயம். அக்காலத்திலேயே ஹென்றி ஃபீல்டிங் ‘பமீலா’வைப் பகடி செய்து 1741-இல் ‘ஷமேலா’ எழுதினார். நான் கருதிப் பார்ப்பது மற்றொன்று. இவ்வகைக் கதைக்கு மூலபுருஷராகிய ஆசிரியர் ஒரு பிழை திருத்துவோர்! தம் நூலைத் தாமே அச்சிட்டவர். அதனால் தவறுக்குப் பழிபோட வேறு ஆள் இல்லாதவர். சில மாதங்களுக்குள் பதிப்புமேல் பதிப்பு விலைபோன பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நண்பரும் முன்பின் அறியாதவரும் சொன்ன குறைகளைக் கேட்டுப் பதிப்புத்தோறும் வாக்கியங்களைச் செப்பனிட்டார்; பணிப்பெண்ணின் பேச்சு கொச்சையாயிருக்கிறதென்று சொல்லப்பட்டபோது அதையும் மாற்றினார். 1761-இல் அவர் காலமாகும்வரை அத்திருத்தம் நடந்தது. கடைசியாகத் திருத்திய பிரதி 1801-இல்தான் அச்சேறியது. சலிப்பூட்டும் அளவுக்கு நீளமாக எழுதியவர் என்று அவரைக் குறைகூறுவோர் உண்டு, நானும் அதை மறுக்கமாட்டேன். அசிரத்தையாக எழுதியவர் என்று கூற ஒருவராலும் இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதை ஒரு பெருவணிகமாயிற்று. 1908-இல் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் ஆகிய இருவர் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பிரசுராலயம், ஆதியில் ஜாக் லண்டன் போன்றோர் நூல்களையும் வெளியிட்டு, 1930-களில் காதல் நாவல் ஒன்றையே தன் தொழிலாக்கிக்கொண்டது. பழுப்பு அட்டை போட்ட அப்புத்தகங்கள், இரண்டு பென்னி வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகளின் வழியே தொழிலாளர் வீட்டுப் பெண்களை எட்டின. சார்லஸ் பூனின் புதல்வர் ஆலன் பூன், பிரதிகளைத் தாமே படித்து, எழுத்தாளர்களுக்கு மரியாதை குன்றாத நீண்ட கடிதங்கள் எழுதித் திருத்தம் கேட்ட பதிப்பாசிரியர். கனடாவில் 1949-இல் தோன்றிய ஹார்லக்வின் கம்பெனி 1971-இல் இந்த ஸ்தாபனத்தை வாங்கியபின் இக்கதைகள் உலகெங்கும் பரவின. சென்னையின் வாடகை நூல் நிலையங்களில் அவற்றின் மடங்கிய பிரதிகள் கைமாறிக்கொண்டிருந்ததை நம்மில் பலர் அறிவோம். வார்ப்பு ஒன்றே, நாயகன் ஒருவனே, என்று விமரிசகர்கள் ஏளனம் செய்தார்கள். செய்யட்டும். வார்ப்பு ஒன்றாயிருந்தாலும் வாக்கியத்தைப் படித்துப் பார்க்க அங்கே சம்பளத்துக்கு ஆள் இருந்தான்.

அந்த ஆள் எப்போது எழுந்து போனான்? கணிப்பொறி வந்தவுடன் எழுத்துக் கோப்பவரின் வேலை ஆசிரியர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. எழுத்துக் கோப்பவரோடு புரூப் என்னும் இடைநிலையும் கரைந்தது. 2007-இல் அமேசான் கம்பெனி கிண்டில் என்னும் படிக்கருவியையும், எழுதியவர் தாமே பிரசுரிக்கும் வசதியையும் ஏற்படுத்தியது. 2014-இல் மாதக் கட்டணத்துக்கு வேண்டியமட்டும் படிக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதில் சேரும் நூல்களுக்கு, மறு ஆண்டு முதல், வாசகர் படித்த பக்கக் கணக்கின்படி ஊதியம் என்றாயிற்று. பக்கத்துக்குக் கூலி என்றால் பக்கம் பெருகும். அடுத்த புத்தகம் விரைவில் வராவிட்டால் வாசகி வேறிடம் போய்விடுவாள் என்றால் திருத்துவதற்கு நாள் ஏது? இதற்கிடையே, இணையத்தில் ரசிகர் கதையாகப் பிறந்து 2011-இல் புத்தகமான ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ கோடிக்கணக்கில் விற்று, கோடீசுவர நாயகனுக்குப் புதிய மவுசை உண்டாக்கவே, எழுத வந்தோர் தொகை பன்மடங்காயிற்று. இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஈயத்தில் கோத்து அச்சிட்டுவிட்ட தவறு கடைசிவரை நிற்கும் என்ற பயம் பழைய அச்சுக்காரனை விழிப்பாக வைத்திருந்தது. மின்னூலில் எந்தத் தவறையும் எப்போதும் மாற்றலாம் என்ற சௌகரியமே, விற்றுவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியத்தைப் பிறப்பித்தது. காசு கொடுத்து வாங்கிய முதல் வாசகர்கள் சம்பளமில்லாத பிழை திருத்துவோர் ஆனார்கள். எழுத்துப்பிழையைச் சுட்டும் யந்திரம் இருக்கிறதே என்பர். நீல விழி பழுப்பானதில் எழுத்துப்பிழை யாதொன்றும் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பதிப்பாசிரியரை அமர்த்தும் தனி எழுத்தாளர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது; அவர்களுடைய நூல்களைப் பற்றி இந்த முறையீடு எழுவதில்லை.

தமிழ் அச்சுலகிலும் பிழை திருத்தும் தொழிலுக்குக் கௌரவம் இருந்த காலம் உண்டு. ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லாதது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். ஏனைய பிரசுரகர்த்தர்களும் புத்தகத்தின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றைச் சேர்த்து, தவறியதை நாணத்தோடு ஒப்புக்கொண்டார்கள். அந்த நாணம் திரும்ப வேண்டும். அட்டைச் சித்திரம் வரைந்தவர் பெயரை அச்சிடும் பிரசுரகர்த்தர்கள், பிழை திருத்தியவர் பெயரையும் முகப்புக்குப் பின்பக்கத்தில் அச்சிடட்டும்; அப்பெயர் இல்லாத நாவலை, நாயகன் எத்தனை கோடிக்கு அதிபதியானாலும், பத்துப் பக்கம் படித்துப் பார்த்த பின்பே வாசகர்கள் வாங்குவார்களாக.