பாதுகாப்புக் கருவித்தொகுதி (மேலாண் கணினிச் சேவை)

பாதுகாப்புக் கருவித்தொகுதி என்பது, பிற நிறுவனங்களின் கணினிகளையும் வலையமைப்புகளையும் ஒப்பந்த அடிப்படையில் தொலைவிலிருந்து பராமரிக்கும் சேவை நிறுவனம் அவற்றைக் காக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களின் ஒழுங்கமைந்த தொகுப்பு. தொலைநிலைக் கண்காணிப்பு, மென்பொருள் திருத்தங்களை நிறுவுதல், வைரஸ் தடுப்பு, ஃபயர்வால், கடவுச்சொல் காப்பு, பதிவேட்டு ஆய்வு, பேக்கப் ஆகியன இதன் உறுப்புகள்.

தொகுதியின் முதன்மையான ஆபத்து அதன் மையப்பட்ட அதிகாரத்தில் உள்ளது. ஒரு கருவி வழியே எல்லா வாடிக்கையாளர்களையும் அணுக முடிவதால், அக்கருவி கைப்பற்றப்பட்டால் அனைவரும் பாதிக்கப்படுவர். 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்னும் தொலைநிலைக் கண்காணிப்பு மென்பொருள் வழியே நடந்த தாக்குதலில், ஏறத்தாழ 60 சேவை நிறுவனங்களைச் சார்ந்த 1,500 வரையிலான நிறுவனங்களின் தரவுகள் பூட்டப்பட்டன. ஆகவே கருவிகளின் பட்டியலை நடப்பில் வைத்தல், ஒரே பணிக்கான இரட்டைக் கருவிகளை நீக்குதல், பல்காரணிச் சரிபார்ப்பு, வாடிக்கையாளர்வாரியாக அணுகலைப் பிரித்தல் ஆகியவை மேலாண்மையின் அடிப்படைகள். இவற்றுள் கடைசியானதே பாதிப்பின் பரப்பை நேரடியாகக் குறைப்பது.

தமிழ்நாட்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு இத்தகைய கருவிகளை உருவாக்குகிறது. தருமபுரி போன்ற மாவட்டங்களில் தனிப் பாதுகாப்புக் குழு வைக்க இயலாத சிறு மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவு அமைப்புகளுக்கு, பாதுகாப்பைச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முறை பொருந்தும்.

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு (செர்ட்-இன்) 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணையின்படி, சேவை நிறுவனங்கள் குறிப்பிட்ட வகைக் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும்.