சீஸரின் தலையும் உங்கள் வகிடும்

ஜூலியஸ் சீஸருக்கு ரோமாபுரி செனட் எத்தனையோ மரியாதைகளை வாரி வழங்கியது. அதில் அவர் ரொம்பவும் ரசித்து ஏற்றுக்கொண்டது எது தெரியுமா? எப்போது வேண்டுமானாலும் இலை மகுடம் சூடிக்கொள்ளலாம் என்ற உரிமை! காரணம், வழுக்கை. மிச்சமிருந்த முடியை முன்பக்கமாக இழுத்து வாரிக்கொள்வாராம். ஸ்யுடோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதையெல்லாம் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்!

வழுக்கை ஏன் விழுகிறது என்பதற்கான முதல் துப்பு, சீஸருக்குச் சுமார் 300 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரேட்டஸ் பெயரில் உள்ள குறிப்புகளில் ஒரு வரி வருகிறது: விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவ்வளவுதான். ஏன் என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க 2,300 வருடங்கள் ஆயின.

1942-ல் அமெரிக்க உடற்கூறியல் நிபுணர் ஜேம்ஸ் ஹாமில்டன் அந்த முடிச்சை அவிழ்த்தார். பருவ வயதுக்கு முன்பே விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஊசியில் ஏற்றியபோது, சிலருக்கு விழுந்தது. யாருக்கு? குடும்பத்தில் ஏற்கெனவே வழுக்கை இருந்தவர்களுக்கு! ஊசியை நிறுத்தியதும் வழுக்கை பரவுவது நின்றது. ஆனால் போன முடி திரும்பி வரவில்லை.

ஆக, ஹார்மோன் மட்டும் குற்றவாளி இல்லை, பரம்பரையும் கூட்டாளி. 'வழுக்கைத் தலையருக்கு ஆண்மை ஜாஸ்தி' என்று சொல்வதெல்லாம் சும்மா ஆறுதல்தான். ஹார்மோன் வழக்கமான அளவில்தான் இருக்கும். அதற்கு மசிந்துபோகிற சுபாவம் முடியின் வேரில் இருக்கிறது.

இதை அழகாக நிரூபித்தவர், நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக். 1952-ல் பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நட்டார். அது ஜம்மென்று வளர்ந்தது! நிலம் மாறியும் வேரின் குணம் மாறவில்லை. இன்றைய 'ஹேர் டிரான்ஸ்பிளான்ட்' கடைகளுக்கெல்லாம் மூலதனம் இந்த உண்மைதான்.

அடுத்த துப்பு, டொமினிகன் குடியரசின் ஒரு குக்கிராமத்தில். பெண் குழந்தைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பராடோ-மெக்கின்லி என்ற பெண் டாக்டரும் குழுவினரும் ஆராய்ந்து, 1974-ல் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.ஹெச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் என்ஸைம் அவர்களிடம் குறைவு. அவர்களுக்கு நெற்றி ஏறவில்லை! வேரைச் சுருக்கி, முடியை ஒவ்வொரு சுற்றிலும் மெலிய வைப்பது டி.ஹெச்.டி.தான் என்பது புரிந்தது. அந்த என்ஸைமைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைட் மாத்திரை, ஆண்களின் வழுக்கைக்காக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

''எல்லாம் ஆம்பிளைங்க கதையாவே இருக்கே, நாங்க எங்கே?'' என்று பெண் வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி!

பெண்களுக்கு நெற்றி ஏறுவது குறைவு, வகிடு அகலமாகும். உச்சியில் முடி மெலியும். இதை மூன்று நிலைகளாக லுட்விக் என்ற ஜெர்மானிய டாக்டர் பிரித்துக் காட்டியதே 1977-ல்தான். மாதவிடாய் நின்ற 137 பெண்களுக்கு ஒரு வருடம் ஃபினாஸ்டிரைட் சோதனை நடத்தினார்கள். 2000-ல் முடிவு வந்தது. வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை! பாதிக்கப்பட்ட பெண்களில் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கிறது. ஆண்களின் கதையை அப்படியே பெண் தலையில் கவிழ்க்க முடியாது. (கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாது. வயிற்றில் ஆண் சிசு இருந்தால் பாதிக்கும்.)

'அம்மா வழித் தாத்தா வழுக்கை என்றால் உனக்கும் வழுக்கை' என்பதும் பாதி உண்மைதான். முக்கியமான ஒரு ஜீன், அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது நிஜம். ஆனால், 52 ஆயிரம் பிரிட்டிஷ் ஆண்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, 250-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கைகாட்டியது. அப்பாவும் தப்ப முடியாது!

எனவே, சீப்பில் முடி வந்தால், ''எண்ணெய் வெச்சாத்தானே'' என்று வீட்டுப் பெண்ணைத் திட்டாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகோ, கடும் காய்ச்சலுக்குப் பிறகோ மொத்தமாகக் கொட்டினால், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்றால் சிகிச்சை உண்டு. மாதவிடாய் தாறுமாறாகி, முகத்திலும் முடி வளர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னையா என்று பார்க்க வேண்டும். வகிடு மெள்ள மெள்ள அகலமானால், அது பரம்பரை சமாசாரமாக இருக்கலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையாகப் பிறந்து, சாப்பிட்டவர்கள் உடம்பெல்லாம் முடி வளர்த்துவிட்ட மினாக்ஸிடில், தலையில் தடவும் மருந்தாக 1988-ல் ஆண்களுக்கும் 1991-ல் பெண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். வேர் முழுக்கச் சுருங்கிய பிறகு எந்த மருந்துக்கும் வேலை கஷ்டம். எண்ணெய் விளம்பரங்களை வரிசையாகச் சோதித்து முடித்த பிறகு அல்ல, முதலிலேயே தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்!