மனைவி கேட்ட மரவீடு

கென்யாவின் நியேரி ஊருக்கு அருகே, அபர்டேர் மலைக்காட்டில், பெரிய அத்திமரம் ஒன்றின் கிளைகளுக்கு நடுவே 1932-இல் இரண்டு அறைகள் எழும்பின. கேட்டவர் பெட்டி வாக்கர்; கட்டிக் கொடுத்தவர் அவர் கணவர் எரிக் ஷெர்புரூக் வாக்கர். 'பீட்டர் பான்' கதையில் வருவதுபோல மரத்தின் மேல் ஒரு வீடு வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டாராம். புடவை கேட்டால் வாங்கித் தர யோசிக்கும் கணவர்களும் உண்டு. இவர் யானை நடமாடும் தடத்தில் தச்சர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

வாக்கர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலிடம் செயலாளராக இருந்தவர். முதல் உலகப்போரில் விமானப் படைக்குப் போய் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். போர் முடிந்தபின், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், கடல்வழியாகச் சாராயம் கடத்திக் காசு பார்த்தவர். அந்தக் கதையைப் புனைபெயரில் புத்தகமாக எழுதி அதிலும் காசு பார்த்துவிட்டார். பிரபு குடும்பத்துப் பெண்ணான பெட்டியை மணந்து, இருவருமாகக் கென்யாவுக்கு வந்து, 1928-இல் நியேரியில் 'அவுட்ஸ்பான்' என்ற ஓட்டலைத் திறந்தார்கள். பேடன் பவல் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது அந்த ஓட்டல் வளாகத்தில் இருந்த சிறு வீட்டில்தான். 1941-இல் நியேரியிலேயே அடக்கமானார்.

மரவீடு முதலில் அவுட்ஸ்பான் ஓட்டலின் ஒரு கிளை விளையாட்டு, அவ்வளவுதான். வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை இரவு, ஓட்டல் விருந்தினர் சிலரை அழைத்துப் போவார்கள். வண்டி ஓரிடம் வரைதான் போகும். அதற்கப்புறம் காட்டுக்குள் நடக்க வேண்டும்; துப்பாக்கியோடு ஒருவர் கூட வருவார். வழிநெடுக மரங்களில் ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அடித்து வைத்திருந்தார்கள். யானையோ காண்டாமிருகமோ எதிரே வந்தால் கிடைத்த மரத்தில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான். மரவீட்டை அடைந்து ஏணியில் ஏறிவிட்டால் விடியும்வரை இறங்க முடியாது. பேசவும் கூடாது. ஆசை ஆசையாகக் கூட்டிவந்த மனைவியிடம் ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் சுற்றுலா அது.

இந்த விடுதியின் பெருமை மரத்தில் கட்டியதில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. நம் தினைக்கொல்லைகளில் காலங்காலமாகப் பரண் கட்டியிருக்கிறார்கள், யானையையும் பன்றியையும் விரட்ட. வேட்டைக்காரரும் பரண் கட்டினார்கள், சுட. வாக்கர் கட்டிய பரண் இரண்டுக்கும் ஆகாதது. அங்கே வேலை, வெறுமனே பார்ப்பது. அதற்கு அவர் செய்த ஏற்பாடுகள்தான் அசல் கண்டுபிடிப்பு. அபர்டேருக்கும் கென்யா மலைக்கும் இடையே விலங்குகள் போய்வரும் தடத்தில், ஒரு நீர்நிலையின் கரையில் நின்ற மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். தண்ணீரோரம் உப்பு போட்டு வைத்தார்கள். தழை தின்னும் விலங்குகளுக்கு உப்பு என்றால் உயிர். மண்ணையே தோண்டித் தின்னும். இருட்டியதும் நிலவொளி மாதிரி மங்கலான விளக்கு ஒன்றை எரியவிடுவார்கள். காட்டு விலங்கு அதைக் கண்டு மிரளவில்லை. அதுவரை சஃபாரி என்றால் விலங்கைத் தேடி மனிதன் அலைவது. இங்கே மனிதன் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டான். விலங்கு தன் வசதிப்படி வந்து போயிற்று.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகுமோ எனப்படும் அந்த அத்தி, அந்தப் பகுதியின் கிகுயு மக்களுக்குச் சாமி மரம். அதன் அடியில் ஆடு பலியிட்டு மழை கேட்பார்கள். அதை வெட்டத் துணிய மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு மரத்தின் மேல்தான் வெள்ளைக்காரர் தேநீர் குடிக்க அறை எழும்பியது.

இருபது ஆண்டுகள் கழித்து இங்கே வந்து தங்கிய ஒரு தம்பதியால்தான் உலகத்துக்கு 'ட்ரீடாப்ஸ்' என்ற இந்த மரவீடு தெரியவந்தது. இளவரசி எலிசபெத்தும் கணவர் பிலிப்பும் நெடும்பயணம் ஒன்றின் தொடக்கத்தில் கென்யாவில் இருந்தார்கள். உடல்நலம் குன்றியிருந்த அரசர் ஆறாம் ஜார்ஜுக்குப் பதிலாகப் புறப்பட்ட பயணம். கென்யா முடிந்ததும் மொம்பாசாவில் கப்பல் ஏறி இலங்கைக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போவதாகத் திட்டம். நடுவே கிடைத்த ஓய்வை, கல்யாணப் பரிசாகக் கென்யா கொடுத்திருந்த சகானா மாளிகையில் கழித்தார்கள். அங்கிருந்து 1952 பிப்ரவரி 5 அன்று ஓர் இரவுக்காக மரவீட்டுக்கு வந்தார்கள். அதற்குள், 1950-இலேயே, அந்தக் காடு தேசியப் பூங்காவாகியிருந்தது.

வந்த நேரத்தில் குளத்தைச் சுற்றி யானைக்கூட்டம். இருந்தும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. ஓசைப்படாமல் நடந்து ஏணியேறிவிட்டார்கள். இளவரசி திரைப்படக் கேமராவும் கையுமாகவே இருந்தார். அன்று மாலை இரண்டு ஆண் நீர்மான்கள் சண்டையிட்டபடி தண்ணீருக்குள் பாய்ந்தன. ஒன்று மற்றொன்றைக் கொம்பால் குத்திக் கொன்றது. இரவில் விளக்கு வெளிச்சத்துக்குக் காண்டாமிருகங்கள் வந்தன. எல்லாரும் படுத்தபின் ஏணியின் தலைமாட்டில் துப்பாக்கியோடு காவலிருந்தவர் 76 வயது ஜிம் கார்பெட். குமாயூன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட அதே கார்பெட்தான். 1947-இல் இந்தியாவை விட்டு நியேரிக்குக் குடிபோனவர். பேடன் பவல் இருந்த அந்தச் சிறு வீட்டில்தான் தமக்கையோடு வாழ்ந்தார். புலிக்காக எத்தனையோ இரவு பரணில் கண்விழித்த மனிதருக்கு, ஒரு தம்பதியின் தூக்கத்துக்காகவும் விழிக்க நேர்ந்தது.

மறுநாள் காலை இருவரும் சகானாவுக்குத் திரும்பினார்கள். அங்கே பிற்பகலில்தான் செய்தி வந்தது: முந்தைய இரவு அரசர் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பிலிப் மனைவியைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி என்ற பொருளில் கார்பெட் விடுதியின் பதிவேட்டில் எழுதிய குறிப்பு உலகம் சுற்றியது. எந்த நேரத்தில் அரசர் உயிர் பிரிந்தது என்று எவருக்கும் தெரியாது. அப்போது எலிசபெத் மரத்தின் மேல் இருந்தாரா என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த விடுதிக்கும் கிடைத்ததில்லை. பெட்டி கேட்ட கதை அதன் பின்னே மறைந்துபோனது.

அதே ஆண்டு அக்டோபரில் கென்யாவில் அவசரநிலை. நிலம் இழந்த கிகுயு மக்களிடையே எழுந்த மௌ மௌ கிளர்ச்சிக்கு அபர்டேர் காடே அரணாயிற்று. நியேரிப் பகுதியில் பிறந்த டெடான் கிமதி அங்கிருந்து போராளிகளை நடத்தினார். 1954 மே மாதம் மரவீடு தீக்கிரையானது. கொளுத்தியது மௌ மௌ போராளிகள் என்பார்கள். சுற்றுலாக் கையேடுகள் இதை ஒரு சோகச் சம்பவமாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. தங்கள் காட்டில், தங்கள் சாமி மரத்தில், தங்களை ஆட்சி செய்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கட்டிய மேடையை அவர்கள் வேறு எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

1957-இல் குளத்தின் எதிர்க்கரையில் புது ட்ரீடாப்ஸ் எழுந்தது. இது மரத்தின் மேல் இல்லை. மரக்கால்கள்மேல் நிற்கும் பல அறைக் கட்டடம். எலிசபெத் 1983-இல் மறுபடி வந்து பார்த்தது இதைத்தான். உப்பும் தண்ணீரும் ஓரிடத்திலேயே கிடைக்க, யானைகள் கூட்டங்கூட்டமாக வந்தன. வந்தவை சுற்றிலும் இருந்த மரங்களை முறித்தும் பட்டை உரித்தும் தின்றன. மரவீட்டைச் சுற்றி மரமே அருகிப்போனது.

வாக்கரின் சூத்திரத்தை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதே பூங்காவில் நோவாவின் பேழையைப் போலக் கட்டிய 'தி ஆர்க்' விடுதியில் அதே குளம், அதே உப்பு, அதே இரவு விளக்கு. அங்கே விடியும்வரை கண்விழித்திருக்க வேண்டியதில்லை. அறைக்கு அறை மணி வைத்திருக்கிறார்கள்; பார்க்கத் தகுந்த விலங்கு வந்தால் அது ஒலிக்கும். தூக்கம்தான் முக்கியம் என்பவர்கள் அதை அணைத்துவிட்டும் படுக்கலாம்.